வாசகர் கேள்விகள்: ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் நிலைத்தது எப்படி?

சென்ற மாத இதழில், ஜப்பானில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் காரைக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. எல்லாக் கேள்விகளும் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் வளர்ந்த பேஸ்பால் ஜப்பானுக்கு எப்போது சென்றது? அயல்நாட்டு ஆட்டம் ஒன்று, மக்கள் பணம் கொடுத்துப் பார்க்கும் தொழில்முறை விளையாட்டாக அங்கே எப்படி நிலைத்தது? (பள்ளி ஆசிரியர், தேவகோட்டை)

இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் 1934-ஆம் ஆண்டைத்தான் சொல்வார்கள். பேப் ரூத் தலைமையில் அமெரிக்க நட்சத்திர ஆட்டக்காரர்கள் கப்பலேறி ஜப்பானுக்கு வந்த ஆண்டு அது. ஆனால் அங்கிருந்து கதையைத் தொடங்கினால், அதற்கு முன் அறுபது ஆண்டுகளாகப் பள்ளித் திடல்களில் நடந்த வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும். நட்சத்திரங்களின் வருகை ஒரு வாய்ப்பை உண்டாக்கியது. அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொள்ளும் வலுவைத் தந்தவை பள்ளிக்கூடங்களே என்பது என் உறுதியான கருத்து.

1872-ஆம் ஆண்டு தோக்கியோவில் ஆசிரியராகப் பணியாற்றிய ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்கர் தம் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் ரயில்வே தொழில்நுட்பம் பயின்று திரும்பிய ஹிராவோக்கா ஹிரோஷி என்பவர், 1878-இல் ஷிம்பாஷி ரயில்வே ஊழியர்களைக் கொண்டு அந்நாட்டின் முதல் முறையான அணியை அமைத்தார். எனினும் ஆட்டம் ஊன்றி வளர்ந்தது மாணவர்களிடையேதான். யோகோஹாமாவில் குடியிருந்த வெளிநாட்டவர்கள் தங்கள் மன்றத்து மைதானத்தில் ஜப்பானிய மாணவர்களோடு மோத நெடுநாள் இசையவில்லை. இறுதியில் 1896 மே மாதம் தோக்கியோவின் முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அவர்களை எதிர்த்து ஆடி 29-க்கு 4 என்ற கணக்கில் வென்றார்கள். மேலைநாட்டாரோடு செய்துகொண்ட சமநிலையற்ற ஒப்பந்தங்கள் இன்னும் முற்றாக நீங்காதிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு பள்ளி அணியின் வெற்றியை நாடே ஏன் கொண்டாடியது என்பது விளங்கும். அதற்குப் பிறகு அதை அயலார் ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை.

1903-இல் வாசேதா, கெய்யோ ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே போட்டி தொடங்கியது. இரு தரப்பு ஆதரவாளர்களின் ஆவேசம் கைகலப்பில் முடிந்துவிடுமோ என்ற அச்சத்தால் 1906-இல் அதை நிறுத்தினார்கள். மீண்டும் அவ்விரு அணிகளும் களத்தில் சந்திக்க 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1911-இல் தோக்கியோ அசாஹி நாளிதழ், பேஸ்பால் மாணவர்களைக் கெடுக்கிறது என்று தொடர்ந்து எழுதியது. கல்வியாளர் நிதோபே இனாசோ, எதிரியை ஏமாற்றிப் பறிக்கும் ஆட்டம் என்று அதைக் கண்டித்தார். ஆனால் நான்கே ஆண்டுகளில், அதே அசாஹி குழுமத்தின் ஒசாகா பதிப்பு முன்னின்று பள்ளிகளுக்கான நாடு தழுவிய போட்டியை 1915-இல் தொடங்கியது. மக்களிடம் இவ்வளவு செல்வாக்குப் பெற்ற ஒன்றைத் தடுப்பதைவிட நெறிப்படுத்துவதே நல்லது என்று பத்திரிகை உணர்ந்துகொண்டது. நாளிதழின் விற்பனைக்கும் அது உதவியது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இப்போது தொழில்முறைக்கு வருவோம். முதல் முயற்சி தோற்றது என்பதைப் பலர் அறிவதில்லை. வாசேதாவின் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் 1920-இல் தோக்கியோவின் ஷிபாவுராவில் சொந்த மைதானத்தோடு ஒரு தொழில்முறைக் கழகத்தை நிறுவினார்கள். பணத்துக்காக ஆடுபவர் இழிந்தவர் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்ததால், தங்கள் ஆட்டக்காரர்கள் எவரிடமும் தலைகுனியக் கூடாது என்று அவர்களுக்குப் படிப்பும் ஒழுக்கமும் சேர்த்தே பயிற்றுவித்தார்கள். 1923-இல் கான்தோ பெருநிலநடுக்கம் வந்தது. நிவாரணப் பணிக்காக மைதானத்தை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். ஆட இடமில்லாமல் கழகம் அடுத்த ஆண்டே கலைந்தது. ஹான்கியூ ரயில் நிறுவனம் அந்த ஆட்டக்காரர்களை ஏற்றுத் தக்காரசூக்காவில் ஓர் அணியாக நடத்தியும் 1929-க்கு மேல் அது நீடிக்கவில்லை. திறமைக்கும் நேர்மைக்கும் குறைவில்லாத முயற்சிதான். ஆனால் எதிர்த்து ஆடத் தக்க வேறு தொழில்முறை அணிகள் இல்லாத நாட்டில், ஓர் அணி மட்டும் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

இந்நிலையில் யோமியூரி நாளிதழின் உரிமையாளர் ஷோரிக்கி மத்சுதாரோ 1931-இல் ஓர் அமெரிக்க நட்சத்திர அணியை வரவழைத்தார். அப்போது அதை எதிர்த்து ஆடியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களும் முன்னாள் மாணவர்களுமே. மறு ஆண்டே கல்வி அமைச்சகம், மாணவர்கள் தொழில்முறை அணிகளோடு ஆடக் கூடாது என்று ஆணை பிறப்பித்தது. ஆகவே 1934-இல் பேப் ரூத் வந்தபோது, மாணவர் அல்லாதவர்களைக் கொண்டு புதிதாக ஓர் அணியைத் திரட்டியே தீர வேண்டிய கட்டாயம் ஷோரிக்கிக்கு ஏற்பட்டது. மாணவர் ஆட்டத்தைக் காப்பதற்காகப் போட்ட ஆணைதான் தொழில்முறை அணி பிறக்கக் காரணமாயிற்று.

அந்தத் தொடரில் அமெரிக்கர்களே எல்லா ஆட்டங்களையும் வென்றார்கள். ஆயினும் ஜப்பானியர் இன்றுவரை நினைவில் வைத்திருப்பது நவம்பர் 20 அன்று ஷிசுவோக்காவில் நடந்த ஒரே ஓர் ஆட்டத்தைத்தான். கியோத்தோவில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு அணியில் சேர்ந்த, பதினேழு வயதான சவாமுரா எய்ஜி அன்று பந்து வீசினார். கெரிங்கர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் ஆகிய நால்வரையும் ஒருவர்பின் ஒருவராக, மூன்று முறை தவறவைத்து வெளியேற்றும் ‘ஸ்ட்ரைக் அவுட்’ முறையில் வீழ்த்தினார். அன்றைய உலகில் அந்த நால்வரைவிடச் சிறந்த பேட்டர் வரிசையைக் காண்பது அரிது. ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் பந்தை எல்லைக்கு வெளியே விரட்டி அடித்த ஒரு ஹோம் ரன்னால் 1-0 என்று ஜப்பானிய அணி தோற்றது. அந்தத் தோல்வியை எவரும் அவமானமாகக் கருதவில்லை. நம் பிள்ளைகளும் இவர்களுக்கு ஈடுகொடுக்க முடியும் என்ற நம்பிக்கையே மிஞ்சியது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று அந்த அணி நிலையான தொழில்முறைக் கழகமாகப் பதிவாயிற்று. இன்றைய யோமியூரி ஜயன்ட்ஸ் அதுதான். 1936-இல் ஏழு அணிகளோடு தொழில்முறை லீக் தொடங்கியது.

இதற்காக ஷோரிக்கி கொடுத்த விலை சிறியதன்று. அந்நியரை அழைத்து வந்தார் என்று வெகுண்ட தீவிர தேசியவாதி ஒருவர் 1935-இல் அவரை வாளால் வெட்டினார். சவாமுராவின் முடிவு இன்னும் துயரமானது. போர்ப் பணிக்கு மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்ட அவர், 1944 டிசம்பரில் பயணம் செய்த கப்பல் தாக்கப்பட்டு இருபத்தேழு வயதில் உயிரிழந்தார். சிறந்த பந்துவீச்சாளருக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருது 1947 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

லீக் தொடங்கியவுடன் கூட்டம் திரண்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். தோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் மோதும் போட்டிக்கே அன்று மதிப்பும் கூட்டமும் இருந்தன. போருக்குப் பின் 1946-இல் லீக் மீண்டும் தொடங்கி, 1950-இல் சென்ட்ரல், பசிபிக் என இரண்டாகப் பிரிந்து விரிந்த பிறகும் அந்த நிலை உடனே மாறவில்லை. அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் ரிக்கியோ பல்கலைக்கழகத்தின் நாயகனாக விளங்கிய நாகாஷிமா ஷிகேயோ. அவர் 1958-இல் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தபோது, அவரைப் பல்கலைக்கழக மைதானத்தில் பார்த்துப் பழகிய மக்களும் உடன் வந்தார்கள். மறு ஆண்டு ஜூன் 25 அன்று பேரரசர் முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டமொன்றைக் காண வந்திருந்தபோது, ஹான்ஷின் அணிக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் நாகாஷிமா ஹோம் ரன் அடித்து வெற்றி தேடித்தந்தார். கூலிக்கு ஆடும் ஆட்டம் என்ற பழிச்சொல் அன்றோடு மங்கத் தொடங்கியது. பின்னர் 868 ஹோம் ரன்கள் அடித்துப் புகழ்பெற்ற ஓ சதஹாருவும் 1957-ஆம் ஆண்டு வசந்தகாலப் பள்ளிப் போட்டியில் தம் பள்ளிக்குப் பட்டம் பெற்றுத்தந்த பந்துவீச்சாளர்தான். தொழில்முறை அணிகள் ரசிகர்களைப் புதிதாக உருவாக்கவில்லை என்பதற்கு இவ்விருவரே சான்று.

கேள்வி: நான் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவன். தொடக்கத்தில் கூட்டமே இல்லை என்றால் அந்த நட்டத்தை யார் தாங்கினார்கள்? எந்த முதலாளி இத்தனை ஆண்டுகள் பொறுத்திருப்பார்? (மூத்த வாசகர், கானாடுகாத்தான்)

ஐயா, ஐந்தொகை பார்த்துப் பழகிய கண்ணோடு கேட்டிருக்கிறீர்கள். இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதியும் இதுவே.

அணியை நடத்தியவர்கள் அணியால் லாபம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய வரவு வேறு பேரேட்டில் இருந்தது. ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிய ஹான்ஷின் நிறுவனம், தன் பாதையருகே கோஷியென் மைதானத்தை 1924-இல் கட்டியது. ஆட்டம் பார்க்க வருகிறவர் நுழைவுச்சீட்டுக்கு முன்பே ரயில் சீட்டு வாங்கியாக வேண்டும். அதற்குப் போட்டியான ஹான்கியூ நிறுவனத்தின் கோபயாஷி இச்சிசோ, ரயில் பாதையின் ஒரு முனையில் பெரிய அங்காடியும் மறு முனையில் நாடக அரங்கும், இடையே குடியிருப்பு மனைகளும் அமைத்து வண்டியை நிரப்பியவர். பேஸ்பால் அணியும் அவருக்கு அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. நாளிதழ்களுக்கோ, ஆட்ட முடிவை அறிய மறுநாள் காலை பத்திரிகை வாங்குகிறவர்களே ஆதாயம். 1924-இல் ஷோரிக்கி வாங்கியபோது யோமியூரி நலிந்திருந்த பத்திரிகை. பின்னாளில் அது ஜப்பானிலேயே அதிகம் விற்கும் நாளிதழாயிற்று. 1953-இல் அவர் தொடங்கிய தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் ஜயன்ட்ஸ் ஆட்டங்களே நிலையான நிகழ்ச்சியாக அமைந்தன.

பல அணிகள் ஊரின் பெயரைவிட நிறுவனத்தின் பெயரையே முன்னிறுத்துவதற்கும் காரணம் இதுதான். அரசும் இதற்கு இசைந்து கொடுத்தது. அணியின் நட்டத்தைத் தாய் நிறுவனம் ஈடுசெய்தால் அந்தத் தொகையை விளம்பரச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம் என்று 1954-இல் ஜப்பானின் வரித்துறை அறிவித்தது. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் பல அணிகள் பத்தாண்டுகூட நின்றிருக்கா.

தாய் நிறுவனத்தின் துணையில்லாமல் நின்ற அணி ஒன்றும் உண்டு. அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவில், குண்டு விழுந்து ஐந்தாண்டுகள் முடிவதற்குள் 1950-இல் கார்ப் அணி லீக்கில் ஆடத் தொடங்கிவிட்டது. மறு ஆண்டே சம்பளம் கொடுக்கப் பணமில்லை. அணியைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்களை வைத்தார்கள். வீடிழந்து குடும்பத்தாரைப் பறிகொடுத்த மக்கள் அவற்றில் காசு போட்டார்கள். அந்த அணி முதல் லீக் பட்டத்தை வெல்ல 1975 வரை ஆயிற்று. விளையாட்டு ஓர் ஊருக்கு என்னவாக இருக்க முடியும் என்று எவரேனும் கேட்டால் நான் முதலில் சொல்வது ஹிரோஷிமாவைத்தான்.

நிறுவனத்தின் கையை நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 2004-இல் கின்தேத்சு ரயில் நிறுவனம் நட்டம் தாளாமல் தன் அணியை மற்றோர் அணியோடு இணைக்க முனைந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் வரலாற்றில் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ரசிகர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். இணைப்பு நடந்தேறினாலும், செந்தாய் நகரில் ராக்குத்தென் என்ற புதிய அணி உருவாகி, மொத்தம் பன்னிரண்டு அணிகள் என்ற எண்ணிக்கை குறையாமல் நின்றது.

கேள்வி: என் பேரன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். கோஷியென் மைதானத்தில் தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னான். அது என்ன வழக்கம்? (ஓர் ஆச்சி, கண்டனூர்)

ஆச்சி, உங்கள் பேரன் கண்டது உண்மையே. முன்பு சொன்ன பள்ளிகளுக்கான நாடு தழுவிய போட்டி நடப்பது அந்தக் கோஷியென் மைதானத்தில்தான். அதில் தோற்ற அணி அன்றே வெளியேறிவிடும். மூன்றாண்டுப் பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கு அந்த மைதானத்தில் கால் வைக்க மறு வாய்ப்பு இல்லை. ஆகவே இருக்கை வரிசைக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தக் கறுப்பு மண்ணைக் கைகளால் கூட்டி அள்ளி, காலணிப் பையில் நிரப்பிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். நம் பக்கத்தில் புரவியெடுப்புக்கு முன் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுக்கும்போது அந்த ஒரு பிடிக்கு எவ்வளவு மதிப்போ, அந்தப் பிள்ளைகளுக்கு இந்த மண்ணுக்கும் அவ்வளவு மதிப்பு.

1958-ஆம் ஆண்டு ஒக்கினாவாவிலிருந்து ஷூரி உயர்நிலைப் பள்ளி அணி முதன்முறையாக அங்கே வந்து தோற்றது. அந்தப் பிள்ளைகளும் மண் எடுத்துச் சென்றார்கள். அப்போது ஒக்கினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்ததால், அயல்நாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்ற தாவர நோய்த்தடுப்பு விதிப்படி, நாஹா துறைமுகத்தில் அந்த மண் கடலில் கொட்டப்பட்டது. செய்தி அறிந்து மனம் வருந்திய விமானப் பணிப்பெண்கள் சிலர், விதி தடுக்காத கூழாங்கற்களைக் கோஷியெனிலிருந்து திரட்டி அந்தப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள்.

கேள்வி: கொரியாவில் அரசே தொழில்முறை பேஸ்பாலைத் தொடங்கியது என்கிறார்களே, சரியா? தைவானில் எப்படி? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பாதி சரி. கொரிய லீக் 1982-இல் ஆறு அணிகளோடு தொடங்கியபோது, இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த சுன் டூ ஹ்வான் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். மார்ச் 27 அன்று சியோலின் தொங்தேமுன் மைதானத்தில் முதல் பந்தை வீசியவரும் அவரே. மக்களின் கவனத்தை அரசியலிலிருந்து திருப்புவதே அவருடைய நோக்கம் என்று அன்றும் இன்றும் கூறுகிறார்கள். அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அரசு ஆணையிட்டால் மட்டும் மைதானம் நிரம்பிவிடாது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அதே தொங்தேமுனில் பள்ளி அணிகளின் ஆட்டங்களுக்கே பெருங்கூட்டம் திரண்டுகொண்டிருந்தது. ஊர்வாரியாகப் பிரிந்து ஆதரித்த அந்தக் கூட்டம்தான் அப்படியே லீக்குக்கு வந்தது. 1980-இல் இராணுவத்தின் ஒடுக்குமுறையில் குருதி சிந்திய குவாங்ஜூ நகரமோ, தன் ஹைதாய் டைகர்ஸ் அணியின் ஆட்டத்துக்குக் கூடியபோதுதான் பலரறியக் குரலெழுப்ப முடிந்தது. அந்த அணி 1983 முதல் 1997 வரை ஒன்பது பட்டங்களை வென்றது. ஆட்சியாளர் எண்ணியது ஒன்று, அந்நகர மக்கள் அதை ஆக்கிக்கொண்டது வேறொன்று.

தைவானுக்கு ஜப்பானியக் குடியேற்ற ஆட்சியே பேஸ்பாலைக் கொண்டுசென்றது. ஜியாயி நகரின் வேளாண் பள்ளி அணி 1931-இல் கோஷியென் இறுதி ஆட்டம் வரை சென்றது. அந்த அணியில் ஜப்பானியர், சீன வழியினர், பழங்குடியினர் மூவரும் இருந்தார்கள். 1969 முதல் சிறுவர் உலகப் போட்டிகளில் தைவான் அடுத்தடுத்து வாகை சூடியது. தொழில்முறை லீக் 1990-இல்தான் நான்கு அணிகளோடு தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே சூதாட்டக் கும்பல்களின் பணம் ஆட்டக்காரர்களை வாங்கியது வெளிப்பட்டு, கூட்டம் வெகுவாகக் குறைந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு அந்த லீக் தன் மதிப்பை மீட்டுக்கொண்டது. பிள்ளைகள் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

கேள்வி: நம் நாட்டில் தொழில்முறை பேஸ்பால் வருமா? என்னைப் போன்றவர்கள் அதைக் கற்க வழியுண்டா? (பதினோராம் வகுப்பு மாணவி, பள்ளத்தூர்)

2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியாகத் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் இருவரை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் ஈட்டி எறியும் வீரர்கள். அதற்கு முன் பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை. அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆனால் இருவர் அயல்நாடு செல்வதால் இங்கே ஒரு விளையாட்டு வளர்ந்துவிடாது. நமக்குத் தெரிந்த நல்ல சான்று கபடிதான். 2014-இல் தொழில்முறைக் கபடி லீக் தொடங்கிய சில மாதங்களிலேயே வெற்றி பெற்றது என்றால், சிவகங்கைச் சீமையின் சிற்றூர்களில்கூடப் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இரவு முழுவதும் விளக்குப் போட்டு ஆட்டம் நடத்தி வந்த இளைஞர் மன்றங்கள் அதற்கு முன்பே நாடெங்கும் இருந்ததுதான் காரணம். பேஸ்பாலுக்கு அப்படிப்பட்ட ஊர் அணிகள் இங்கே இன்னும் இல்லை. ஆகவே தொழில்முறை லீக் ஒன்றை விரைவில் எதிர்பார்க்கச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

கற்க வழி உண்டு. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் பேஸ்பாலும், அதைப் போன்றே சிறிய களத்தில் ஆடும் சாஃப்ட்பாலும் இடம்பெற்றுள்ளன. மாணவிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சாஃப்ட்பால். பேஸ்பாலில் ஓட்டம் எடுப்பவர் தொட்டுச் செல்லும் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 27.4 மீட்டர் தூரம் தேவை. சாஃப்ட்பாலுக்கு 18.3 மீட்டர் போதும் என்பதால், நம் ஊர்ப் பள்ளிகளின் நடுத்தரமான திடலிலேயே களம் அமைத்துவிடலாம். பெயரில் இருக்கும் மென்மை பந்தில் இராது, அடி பலமாகவே படும். எனவே கையுறையும், பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகக்கவசமும் இல்லாமல் ஆடக் கூடாது. கையுறை எல்லாருக்கும் வாங்க இயலாவிட்டால், களத்தடுப்பில் நிற்கும் ஒன்பது பேருக்கு மட்டும் வாங்கி, முறை மாறும்போது இரு அணிகளும் மாற்றி மாற்றி அணிந்துகொள்ளலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கென ஒன்றிரண்டு தனியே வேண்டியிருக்கும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் மூலம் அங்கே அணுகி, அடிப்படைப் பயிற்சி தர இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பள்ளியில் அணி அமைத்தால் எதிர்த்து ஆட ஆள் இராது என்பதால், புதுவயலிலோ கோட்டையூரிலோ இன்னொரு பள்ளியையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.